நேற்றுச் சொன்ன சரி

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியில் ஒரு கொத்து பறித்துக்கொள்ள, மாடிக்குப் புதிதாக வந்திருந்த மேடம் முதல் நாள் அனுமதி கேட்டபோது, எவ்வளவு பண்பான பெண் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் கேட்டபோது, கொஞ்சம் மறதி போலிருக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் பாதி முகத்தில் சவர நுரையோடு கதவைத் திறந்தேன்.

“மேடம், செடிய உங்களோடதுன்னே வச்சுக்குங்க. எப்ப வேணா பறிச்சுக்கலாம். நேத்தே சொன்னேனே.”

“நேத்து சரின்னீங்க சார்,” என்றார். “அது நேத்து.”

முகத்தில் கிண்டலின் சாயல்கூட இல்லை. அன்றைக்கும் சரி என்றேன். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் மாடியில் இருந்தவரை, மேலே சாம்பார் கொதித்த நாளெல்லாம் சரி என்றேன். என் வாழ்க்கையில் இத்தனை முறை என் சம்மதத்தை யாரும் கேட்டதில்லை. கல்யாணத்தின்போது ஒரே ஒருமுறை கேட்டார்கள். அதுவும் மண்டபத்துக்கு முன்பணம் கட்டிய பிறகு.

கள்ளிக்குப்பத்தில் எங்கள் வீட்டு மாடியை ஒரு நர்சிங் பள்ளிக்கு விடுதியாக விட்டிருந்தோம். ஏழெட்டு மாணவிகள், அவர்களுக்குப் பொறுப்பாக இவர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். ஆவடி பக்கம் பிறந்து வளர்ந்தவர். ஒட்ட வெட்டிய நகம், கடிகாரம் மணிக்கட்டில் இல்லாமல் நெஞ்சில் தொங்கும், ஞாயிற்றுக்கிழமை மட்டும் தேவாலயத்துக்கு ஒரு மஞ்சள் புடவை. நடக்கும்போது இரண்டு கைகளையும் முன்னால் கோத்துக்கொண்டே நடப்பார். யாரோ பத்திரமாகக் கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்த பொருளைப் போலத்தான் தன் கைகளை அவர் வைத்திருந்தார்.

மாணவிகளுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையின் பிரசவ வார்டில் பயிற்சி. ‘போஸ்டிங்’ என்பார்கள். வகுப்பில் படித்ததைக் கையால் செய்து பழக வேண்டிய காலம் அது. ஒவ்வொருத்தியும் இத்தனை பிரசவங்களைத் தன் கையால் பார்த்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் பரீட்சைக்கு உட்கார முடியாது. குழந்தை பிறப்பதை வரவில் வைக்கும் உலகம் ஒன்று இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. நான் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு. எங்களுக்கு வருவதெல்லாம் போல்ட். கையில் எடுத்துப் பார்ப்போம், பிடிக்கவில்லை என்றால் ஓரமாகப் போடுவோம். போல்ட்டுகள் அபிப்பிராயம் சொல்வதில்லை.

எங்கள் வீட்டுத் தளம் மெல்லியது. மேலே நடப்பதெல்லாம் கீழே கேட்கும். மாலையில் நாங்கள் டீ குடிக்கும் நேரத்துக்கு எங்கள் தலைக்கு மேலே பிரசவம் ஆரம்பிக்கும். பிளாஸ்டிக்கில் செய்த ஒரு வயிறு, அதற்குள் ஒரு பொம்மைக் குழந்தை. அதை வைத்துத்தான் பழகுவார்கள்.

“இப்ப எதுக்கு வயித்துல கைய வச்சே?” என்று மேடத்தின் குரல்.

“கொழந்த எப்டி இருக்குன்னு பாக்க, மேடம்.”

“கேட்டியா?”

“பொம்மை மேடம் அது.”

“கேளு.”

“அம்மா, உங்க வயித்த தொட்டுப் பாக்கட்டுமா?”

அதே பெண்தான் மறுபடி பேசினாள்.

“பதில் சொல்லல மேடம்.”

“அப்ப இரு.”

மேலே இருந்தார்கள். கீழே நாங்களும் டம்ளரும் கையுமாக இருந்தோம். என் மனைவிதான் பொறுக்க முடியாமல் கூரையைப் பார்த்துச் சொன்னாள்: “யாராவது சரின்னு சொல்லித் தொலைங்களேன்டி. டீ ஆறுது.”

அதைக் கேட்டுவிட்டார்களோ என்னவோ, அன்றுமுதல் தினமும் ஒருத்தி பொம்மைக்குப் பக்கத்தில் படுத்து அம்மாவாக நடிப்பது வழக்கமானது. அம்மாவுக்கு ஒரே ஒரு வசனம்தான். “சரிங்க.”

தெருவில் அவருக்கு ‘பர்மிஷன் மேடம்’ என்று பெயர் விழுந்தது. தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் வைத்தது. தக்காளியைத் தொடும் முன்பு அவரிடமும் கேட்பார் மேடம்.

“இன்னாம்மா, டெய்லி இதே கதையா கீது? அமுக்கிப் பாத்துதான வாங்கோணும்? தக்காளி இன்னா கோச்சுக்கவா போவுது?”

“உங்க தக்காளிண்ணா. உங்களத்தான கேக்கணும்.”

“சரி, அமுக்கு தாயே, அமுக்கு.” என்றுவிட்டு அவர் என் மனைவி பக்கம் திரும்பினார். “பாத்தியாக்கா? அவங்கோ கேட்டுகினு கீறாங்கோ. நீ அதுக்குள்ள நாலு தக்காளிய சட்னி பண்ட்டே.”

என் மனைவி மாலைவரை அவர்மீது கோபமாக இருந்தாள். காய்கறிக்காரர்மீது அல்ல, மேடத்தின்மீது. அதுதான் இவரிடம் இருந்த சங்கடம். அவர் யாரையும் ஒரு குறை சொல்ல மாட்டார். ஆனால் அவர் பக்கத்தில் ஐந்து நிமிடம் நின்றால் நாம் என்னென்னவோ திருடியிருப்பதுபோல ஓர் உணர்வு வந்துவிடும்.

ஒருமுறை இதை அவரிடமே சொன்னேன். தண்ணீர் மோட்டார் போட அனுமதி கேட்டு வந்தவர், கரண்ட் போனதால் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

“மேடம், நீங்க இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா, நாங்கள்லாம் ரவுடி மாதிரி தெரியறோம்.”

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன்.

“படிக்கறப்ப எனக்கு மொத போஸ்டிங் சார்,” என்றார். “வலில ஒரு அம்மா. கர்ப்பப்பை வாய் எவ்ளோ தொறந்திருக்குன்னு உள்ள கைய விட்டுப் பாக்கக் கத்துக்கணும். எங்க செட்டு மொத்தமும் வரிசையா நின்னோம். ஒவ்வொருத்தரா கையுறை மாட்டிக்கிட்டுப் போயி பாத்துட்டு வந்தோம். நான்தான் கடைசி. அந்த அம்மா கத்தல, திட்டல. மேல ஃபேனையே பாத்துக்கிட்டிருந்தாங்க. ஓடாத ஃபேன் சார் அது.”

கரண்ட் வந்தது. எழுந்து மோட்டார் சுவிட்சுப் பக்கம் போனவர் திரும்பி, “போடட்டுமா சார்?” என்றார்.

*

மாணவிகளில் மேகலா என்று ஒருத்தி. திருவண்ணாமலைப் பக்கம். ஊரில் அப்பா இல்லை, அம்மா பூ கட்டுபவர். சீக்கிரம் படிப்பை முடித்து வேலைக்குப் போக வேண்டிய அவசரம் அவள் நடையிலேயே இருக்கும்; மாடிப்படியில் அவள் இறங்கினாள் என்றால் சத்தத்திலேயே தெரியும். என் மகள் நித்யா பிரசவத்துக்காக பெங்களூரிலிருந்து வந்தபோது இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். நித்யாவின் வீங்கிய கால்களை மேகலா மாலைதோறும் நீவிவிடுவாள். தினமும், “கால தொடட்டுமாக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான். நித்யா காலால் அவளைச் செல்லமாக உதைத்து, “தொடுடீ” என்பாள்.

அதற்கு முன்பே மேகலாவுக்கு டெங்கு வந்து போஸ்டிங்கின் பாதி படுக்கையில் போயிருந்தது. மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். இவளுக்காகச் சில நாட்கள் நீட்டித்துக் கேட்டு வாங்கினார் மேடம். குறையெல்லாம் தீர்ந்து கடைசியில் ஒரே ஒரு பிரசவம் பாக்கி நின்றது. அதுவும் தவறினால் அடுத்த செட்டோடு ஆறு மாதம் கழித்துத்தான் பரீட்சை.

நித்யாதான் சொன்னாள். “என் கொழந்தைய மேகலா பிடிக்கட்டும்பா. வேற யாரோ பிடிக்கறதுக்கு இவ பிடிக்கட்டும். மேடம் பக்கத்துல இருப்பாங்கல்ல.”

என் மனைவிக்கு அரை மனம். எனக்கு அதற்கும் குறைவு. ஆனால் வெளியே பரந்த மனத்தோடு தலையாட்டினேன். அலமாரி நிறையப் புத்தகம் வைத்திருப்பவனுக்கு இந்த மாதிரி நேரங்களில் தலை தானாக ஆடிவிடும்.

மேடம் நித்யாவிடம் தனியாகவும் கேட்டார். நித்யா சரி என்றாள். வலி எடுத்து, மாணவிகள் பயிற்சி எடுத்த அதே மருத்துவமனைக்குப் போன காலையிலும் கேட்டார். அப்போதும் சரி என்றாள். நீட்டித்த போஸ்டிங் முடியும் நாளும் அதுதான்.

நான் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில். பெங்களூரிலிருந்து மாப்பிள்ளை வந்துகொண்டே இருந்தார். வேலூர் தாண்டிவிட்டதாக இரண்டு மணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். என் மனைவி மகளோடு உள்ளே. காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை மேகலா நித்யாவின் இடுப்பைத் தேய்த்துவிட்டபடியே நின்றாள், உட்காரவே இல்லை என்று என் மனைவி பிறகு சொன்னாள்.

கடைசியில் வார்டு ஆயாதான் வெளியே வந்தார்.

“சார், பேத்தி பொறந்துக்கீது. தாயும் புள்ளயும் நல்லாக்கீறாங்கோ.”

நான் கும்பிட்டேன். ஆயா போகவில்லை.

“அந்தப் பொண்ணுதான் பாவம். மூலைல நின்னு அழுதுகினு கீது.”

“எந்தப் பொண்ணு?”

“மேகலாதான். உம் பொண்ணு வேணாம்னுட்ச்சு சார். கொழந்த மண்ட தெரியுது, மேகலா கைய நீட்டிகினு நிக்கிது, அந்த நேரத்துல போயி உங்கூட்டு மேடம், ‘நித்யா, மேகலா பிடிக்கட்டுமா’ன்னு மறுக்கா கேக்கறாங்கோ. எந்த ஊர்லயாவது அடுக்குமா இது? உம் பொண்ணு, மேகலா வேணாம், நீங்க பிடிங்கோன்னுட்ச்சு. மேகலா நவுந்துட்ச்சு, அவங்கோ பிடிச்சாங்கோ. கேக்காத வுட்டிருந்தா முட்ஞ்சிருக்கும்.”

அந்த வார்டில் அன்று வேறு யாருக்கும் பிரசவம் ஆகவில்லை. வலியோடு வந்திருந்த இன்னொரு பெண்ணையும் அறுவைசிகிச்சைக்கு அழைத்துப் போய்விட்டார்கள். மேகலாவின் நாள் அத்தோடு முடிந்தது.

நித்யாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“அவ முகத்தப் பாத்தேம்பா. அவ்ளோ பயம். என் பயமே எனக்குத் தாங்கல. அவளோடதையும் சேத்து எப்படிப்பா?”

“தப்பில்லம்மா.”

“தப்பில்லன்னு எனக்கும் தெரியும்,” என்றாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் செய்த முதல் காரியம் இனிப்பு வாங்கியது. தாழ்வாரத்தில் எல்லோருக்கும் நீட்டிக்கொண்டே வந்தபோது கடைசியில் மேகலா நின்றிருந்தாள். முகம் கழுவியிருந்தாள். பெட்டியையும் என்னையும் பார்த்தாள்.

“எடுத்துக்கலாமா அங்கிள்?”

“எடுத்துக்கோம்மா,” என்றேன். இதைவிடச் சிறிய பெட்டியாக வாங்கியிருக்கலாம் என்று ஏனோ தோன்றியது.

மறுநாள் மாடிக்குப் போனேன். என் மனைவிக்குத் தெரியாது, நித்யாவுக்குத் தெரியாது. போல்ட் விஷயத்தில் இதை நாங்கள் ‘சலுகை கேட்பது’ என்போம். அளவில் கொஞ்சம் குறை, ஆனாலும் ஓடும், விட்டுவிடுங்கள் என்று.

“மேடம், மேகலா நேத்து காலைலேருந்து கூடவே நின்னிருக்கா. எல்லாம் அவதான் செஞ்சா. கடைசி நிமிஷம் மட்டும்தான். அத அவ பாத்த கேஸ்னே எழுதிட்டா யாருக்கு என்ன நஷ்டம்? எல்லா எடத்துலயும் அப்படித்தான் எழுதறாங்களாம், ஆயா சொன்னாங்க.”

“நித்யா அனுப்பினாங்களா சார்?”

“இல்ல. நானாத்தான்.”

“அவங்களக் கேட்டீங்களா?”

கேட்கவில்லை.

“அவங்க வேணாம்னு சொன்னத நான் சரின்னு எழுதணும். அதானே சார் சொல்றீங்க?”

எனக்குக் கோபம்தான் வந்தது.

“அப்ப எதுக்கு மறுபடியும் கேட்டீங்க மேடம்? அவதான் காலைலயே சரின்னுட்டாளே!”

‘அது காலைல’ என்பார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. எப்போதும் கோத்தே இருக்கும் கைகளைப் பிரித்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“நித்யா ஃபேனப் பாத்தாங்க சார்.”

உள்ளறையில் யாரோ துணி மடிக்கும் சத்தம் நின்றது.

“கேட்டா என்ன சொல்வாங்கன்னு எனக்குத் தெரியும். சொன்னா மேகலாவுக்கு ஆறு மாசம் போகும்னும் தெரியும். தெரிஞ்சுதான் கேட்டேன். என் புள்ளைக்கு நான்தான் பண்ணேன் சார் இத. நித்யா பண்ணல. நீங்க கீழ போயி கொழந்தையப் பாருங்க, இதுல உங்க பங்கு ஒண்ணுமில்ல.”

குற்றவுணர்ச்சியைப் பாகப்பிரிவினை செய்ய முடியும் என்று அவர் நம்பியது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கீழே வந்தேன். என் பங்கும் கூடவே வந்தது.

*

கைக்குழந்தைகள் ஃபேனைப் பார்க்கும். உலகத்தில் எல்லாக் குழந்தைகளும் பார்க்கும். சுற்றுவது எதுவாக இருந்தாலும் அவற்றுக்கு வேடிக்கை. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் என் பேத்தி மல்லாந்து படுத்து எங்கள் கூடத்து ஃபேனைப் பார்க்க ஆரம்பித்ததும் நான் அதை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். ஒருநாள் ஃபேனை நிறுத்திவிட்டேன். நின்ற ஃபேனையும் பார்த்தது. மறுபடி போட்டுவிட்டேன்.

பழைய செட்டு பரீட்சை எழுதிவிட்டுப் போனது. புது முகங்கள் மாடிக்கு வந்தன. அவர்களோடு மேகலா. அவள் இப்போது படியில் மெதுவாக இறங்கினாள். கீழே வந்தாலும் எங்கள் வாசலோடு நின்று, “நல்லா இருக்கீங்களாக்கா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுவாள். உள்ளே வரமாட்டாள். நாங்களும் வரச் சொல்லத் தைரியம் இல்லாமல் இருந்தோம்.

ஒரு மாலை தலைக்கு மேலே மறுபடி பிரசவம் ஆரம்பித்தது. புதுப் பெண் ஒருத்தி தடுமாறிக் கேட்டாள்: “அம்மா, உங்க வயித்த தொட்டுப் பாக்கட்டுமா?”

அம்மாவாகப் படுத்திருந்தவளின் குரல் தெளிவாகக் கேட்டது. மேகலாவின் குரல்.

“வேணாம்.”

வசனம் மாறியிருந்தது. மேடம் சொன்னார்: “இப்ப என்ன பண்ணணும்? சரிம்மான்னு சொல்லு. ஒரு அடி பின்னால வா. மூஞ்சத் தூக்கி வச்சுக்காத. திரும்ப.”

“தொட்டுப் பாக்கட்டுமா?”

“வேணாம்.”

“சரிம்மா.”

எங்கள் கூரையில் காலடி ஒன்று பின்னால் போனது. அடுத்தவள் வந்தாள். வேணாம். சரிம்மா. ஓரடி. எல்லோரும் வரிசையாக வந்து வரிசையாகப் பின்னால் போனார்கள். கீழே குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நித்யா ஒவ்வொரு காலடிக்கும் கண்ணை மூடித் திறந்தாள்.

மறுநாள் மேகலா வாசலைக் கடந்தபோது நித்யா குழந்தையோடு வெளியே போனாள்.

“மேகலா, கொழந்தையத் தூக்கறியா?”

மேகலா குழந்தையைப் பார்த்தாள். பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினாள்.

“இன்னிக்கி வேணாம்க்கா.”

நித்யாவின் முகம் சிவந்தது. ஏதாவது சொல்லிவிடப்போகிறாள் என்று பயந்தேன். “சரி” என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஓரடி பின்னால் வந்தாள்.

அடுத்த நாளும் கேட்டாள். அதற்கடுத்த நாளும். வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை என்பதால் அவள் எங்களோடுதான் இருந்தாள். கேட்பதற்கு நாட்கள் இருந்தன. ஒவ்வொரு முறையும், புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டாள். ஒவ்வொரு முறையும் மேகலா மரியாதையாக, “இன்னிக்கி வேணாம்க்கா.” என் மனைவி நடுவில் புகுந்து, “அவதான் தெனம் வேணாங்கறாளே, விடேன்” என்றாள்.

“நேத்து வேணாம்னா,” என்றாள் நித்யா. “அது நேத்து.”

மேடம் இதையெல்லாம் மாடிப்படியிலிருந்து பார்த்தார். கறிவேப்பிலை மட்டும் கேட்டார்.

ஆறு மாதம் போனது. மேகலா பாக்கி பிரசவத்தைப் பார்த்தாள், பரீட்சை எழுதினாள். அந்த வருடத்தோடு பள்ளிக்காரர்கள் விடுதியைத் திருமுல்லைவாயிலுக்கு மாற்றிக்கொண்டார்கள். சாமான்கள் முன்னாலேயே போய்விட்டன. கடைசியாக மேடமும் மேகலாவும் கிளம்பிய காலை, வாசலில் ஆட்டோ நின்றது. ஆட்டோக்காரர் பெட்டிகளை ஏற்றிவிட்டு ஹாரன் அடித்தார்.

மேகலா பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவினாள். விரலிடுக்கு, நகம், மணிக்கட்டு என்று வார்டில் கழுவுவதுபோலவே முறையாகக் கழுவினாள். ஈரம் சொட்டச் சொட்ட கைகளை உயர்த்திப் பிடித்தபடி, குழந்தை பிறந்த பிறகு முதல்முறையாக எங்கள் கூடத்துக்குள் வந்தாள். நித்யா ஒரு துண்டை நீட்டினாள். துடைத்துக்கொண்டாள்.

பாயில் குழந்தை மல்லாந்து கிடந்தது. மேகலா அதன் பக்கத்தில் மண்டியிட்டாள். நித்யாவைக் கேட்கவில்லை. குழந்தையைக் கேட்டாள்.

“தூக்கட்டுமா?”

கேட்டுவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆட்டோக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். “இன்னாமா, நேரமாவுது. கொழந்த எப்டிமா பதில் சொல்லும்? தூக்கிக் கொஞ்சிட்டு வா.”

“இருங்கண்ணா,” என்றார் மேடம்.

இருந்தோம். நித்யா துண்டைப் பிடித்தபடி, என் மனைவி அடுக்களை வாசலில், மேடம் தன் கைகளைக் கோத்துக்கொண்டு. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. குழந்தை அதைப் பார்க்கவில்லை.